பெருநகரத்துக்கு அருகே உள்ள கிராமத்தினர் ஏன் தினமும் அவ்வளவு தூரம் போய் வருகிறார்கள்?

வீடு ஓர் ஊரில், வேலை வேறு ஊரில் என்று தினமும் போய் வருவதைத்தான் அன்றாடப் பயணம் என்கிறோம். நகரத்தில் வேலை அதிகம், வாடகையும் அதிகம். கிராமத்தில் இரண்டும் குறைவு. அதனால் வீட்டை விடாமல் வேலையைத் தேடிப் போகிறார்கள்.

சரி, எவ்வளவு தூரம் வரை? தூரத்தைவிட நேரம்தான் இங்கே கணக்கு. மனிதர்கள் பயணத்துக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் செலவிடுகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994-இல் எழுதினார். மாட்டைக் கட்டிய கயிறு நீண்டால் மேயும் வட்டமும் பெரிதாகும் அல்லவா? வேகமான ரயிலும் சாலையும் அந்தக் கயிற்றை நீட்டுகின்றன. எப்போதாவது வரும் பேருந்தையே நம்பியிருப்பவர்களுக்குக் கயிறு குட்டைதான். எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

எல்லோரும் நகர மையத்துக்கே போவதாக நினைக்க வேண்டாம். பலர் புறநகரத் தொழிற்சாலைகளுக்கும் பக்கத்துச் சிறுநகரங்களுக்கும்தான் போகிறார்கள்.