நெல்லுக்கு உயிர் உரம்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

குறுவை நாற்றங்கால் வேலை நடக்கும் நேரம் என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் (நைட்ரஜன்) பயிருக்குத் தரும் அசோஸ்பைரில்லம், மண்ணிலுள்ள மணிச்சத்தைக் (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா ஆகிய பாக்டீரியா உரங்கள் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வேளாண் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்குச் சொல்லும் அளவுகளை ஏக்கருக்குப் பிரித்துத் தந்திருக்கிறேன்.

கேள்வி (மன்னார்குடி): அசோஸ்பைரில்லம் போட்டால் யூரியாவே வேண்டாம் என்கிறார் கடைக்காரர். உண்மையா சார்?

இல்லை அண்ணா. அப்படிச் சொல்லி விற்பவரிடம் வாங்கவே வேண்டாம். தழைச்சத்தில் கால் பங்கைக் குறைக்கலாம் என்பதுதான் பரிந்துரை. காவிரி டெல்டாவில் குறுகிய கால ரகத்துக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. அதில் கால் பங்கு 15 கிலோ. யூரியாவாகப் பார்த்தால் ஏறக்குறைய 33 கிலோ. 45 கிலோ மூட்டையில் முக்கால் மூட்டைகூட இல்லை. பார்க்கச் சின்னதுதான். ஆனால் பயிர் தேவைக்கு மேல் கறுத்து இலைச்சுருட்டுப் புழுவையும் புகையானையும் வரவழைக்காமல் இருப்பது பெரிய லாபம்.

கேள்வி (பாபநாசம்): அசோஸ்பைரில்லம் தொடர்ந்து போட்டு வருகிறேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எதற்குச் செலவு செய்ய வேண்டும்?

பொட்டலம் போட்ட பிறகு யூரியாவைக் குறைத்தீர்களா? பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற இந்த பாக்டீரியாவுக்கு நைட்ரஜனேஸ் என்ற நொதி வேண்டும். அதற்கு நிறைய ஆற்றல் செலவாகும். வேரைச் சுற்றி அம்மோனியம் தாராளமாகக் கிடைத்தால் பாக்டீரியா அந்த வேலையை நிறுத்திவிடும். வழக்கமான யூரியா முழுவதையும் போட்டு, அதன் மேல் அசோஸ்பைரில்லத்தையும் போட்டால் அது சும்மா இருக்கத்தான் செய்யும். குறைக்கப் பயமாக இருந்தால் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையில் 3ஆம் எண் நிறம், மற்ற ரகங்களுக்கு 4ஆம் எண். நிறம் அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் மேலுரம் போடுங்கள்.

அடுத்தது தீனி. இந்த பாக்டீரியா வேர் கசியவிடும் சர்க்கரையையும் கரிம அமிலங்களையும் தின்று வாழ்வது. தொழுவுரமே காணாத வயலில் பொட்டலத்தைக் கொட்டி அது பெருகும் என்று எதிர்பார்க்க முடியாது. தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப் பயிரை மடக்கி உழுத வயலிலும், எரு அடித்த வயலிலும்தான் இது நிலைத்து நிற்கும். எரு போட முடியாதவர்கள் உயிர் உரத்துக்குப் பணம் செலவழிக்கும் முன் முதலில் பசுந்தாள் விதை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம், வித்தியாசத்தை இலையில் தேடாதீர்கள். அசோஸ்பைரில்லம் இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியையும் சுரக்கிறது. அதனால் பக்க வேரும் வேர்த்தூவியும் கூடுகின்றன. இந்தப் போகம் ஒரு வயலில் மட்டும் போடாமல் விடுங்கள். நட்டு இருபது நாள் கழித்து இரண்டு வயலிலும் ஒவ்வொரு குத்தை மண்ணோடு தோண்டி, வாய்க்கால் தண்ணீரில் மெதுவாக அலசி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேரின் அடர்த்தியைக் கண்ணால் பார்க்கலாம். ஒன்றும் இல்லையென்றால் பொட்டலத்தின் தரத்தைச் சந்தேகப்பட அப்போது உங்களுக்குக் காரணம் இருக்கும்.

கேள்வி (திருவாரூர்): விதையை ஏற்கெனவே கார்பன்டசிம் பூஞ்சைக்கொல்லி கலந்து வைத்துவிட்டேன். இனி உயிர் உரம் கலக்கலாமா?

குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்கள் அம்மா. என்னைக் கேட்டால் விதையை விட்டுவிட்டு நாற்றின் வேரை நனையுங்கள். அசோஸ்பைரில்லம் 2 பொட்டலம், பாஸ்போபாக்டீரியா 2 பொட்டலம், 15, 16 லிட்டர் தண்ணீர். வரப்போரம் சின்னதாகக் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தால் அதுவே தொட்டி. நாற்று முடிகளைச் (நாற்றுக் கட்டுகளை) செங்குத்தாக அடுக்கி, வேர் மட்டும் 15 முதல் 30 நிமிடம் நனைந்தால் போதும். நடவு ஆட்கள் அவசரப்படுத்துவார்கள். முதல் நடை முடிகளை அவர்கள் வருமுன்பே இறக்கி வைத்துவிடுங்கள். நோயைத் தடுக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸையும் இதே தண்ணீரில் கலக்கலாம், இவை ஒன்றையொன்று கெடுக்காது. மிஞ்சும் தண்ணீரை வயலிலேயே ஊற்றிவிடுங்கள்.

கேள்வி (சீர்காழி): தூளா, திரவமா? நல்ல சரக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது தம்பி. தூள் கறுப்பாக இருப்பது, பெரும்பாலும் பழுப்பு நிலக்கரித் தூளில் பாக்டீரியாவை ஏற்றியிருப்பதால். நெய்வேலி நமக்குப் பக்கத்தில் இருப்பது இதற்கு வசதியாகிவிட்டது. உரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி தூளில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். பாக்டீரியாவின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி நான்கும் லேபிளில் இல்லையென்றால் வாங்காதீர்கள். கடையில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வெயில் படும் வாசலிலோ பூச்சிமருந்து அட்டைப்பெட்டி மேலேயோ அடுக்கியிருந்தால், தேதி சரியாக இருந்தும் பயனில்லை. தூளைவிடத் திரவம் கூடுதல் நாள் தாங்கும். விதைக்கு 50 மில்லி, நாற்று வேருக்கு 150 மில்லி, நடவு வயலுக்கு 200 மில்லி.

கேள்வி (ஒரத்தநாடு): ஒரு பாட்டிலை வாங்கி வெல்லம் போட்ட டிரம்மில் பெருக்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். வெல்லத் தண்ணீரில் ஈஸ்டும் கண்ட கண்ட பாக்டீரியாவும் அசோஸ்பைரில்லத்தைவிட வேகமாகப் பெருகும். நாலு நாள் கழித்து டிரம்மில் நுரை இருக்கும்; அது எதனுடைய நுரை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வெல்லக் காசில் இன்னொரு பாட்டில் வாங்குங்கள். நடவு வயலுக்குத் தூளாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 4 பொட்டலம், 10 கிலோ மக்கிய தொழுவுரம், 10 கிலோ மண் கலந்து, பரம்படித்த பிறகு சாயங்காலம் வீசுங்கள். மடையை அடைத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் போட்டதெல்லாம் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். யூரியாவோடும் துத்தநாக சல்பேட்டோடும் கலக்கக் கூடாது. சில நாள் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): பாஸ்போபாக்டீரியா போட்டால் மணிச்சத்துள்ள டிஏபி உரத்தை நிறுத்தலாமா?

மண் பரிசோதனை அட்டையைப் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டேன். இந்த பாக்டீரியா மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. மண்ணில் ஏற்கெனவே பிணைந்து கிடப்பதைக் கரிம அமிலங்களைச் சுரந்து கரைத்துத் தருகிறது, அவ்வளவுதான். வருஷக்கணக்காக டிஏபி போட்ட வயலில் மணிச்சத்து ‘அதிகம்’ என்று வந்தால் துணிந்து குறைக்கலாம். ‘குறைவு’ என்று வந்தால் கரைப்பதற்கே அங்கே சரக்கு இல்லை.

கேள்வி (நாகை): உளுந்துக்கு வாங்கிய ரைசோபியம் மீதியிருக்கிறது. நெல்லுக்குப் போடலாமா?

ரைசோபியம் பயறு வேரின் முடிச்சுக்குள் இருந்துதான் தழைச்சத்தைத் தரும். நெல்லில் வேர் முடிச்சு வராது, அதனால் பலன் இல்லை. காலாவதி ஆகாமல் இருந்தால் நெல் தரிசு உளுந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆறின கஞ்சியில் கலந்து விதை நேர்த்தி செய்யலாம்.

கேள்வி (வேதாரண்யம்): கடைமடையில் இருக்கிறோம். பூக்கும் நேரத்தில் தண்ணீர் வராமல் போகிறது. இதற்கு ஏதாவது பாக்டீரியா உண்டா?

பிபிஎஃப்எம் என்று கேட்டு வாங்குங்கள். இலையின் மேல் வாழும் மெத்திலோபாக்டீரியம். வறட்சியைத் தாங்க உதவும் என்று நம் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி, காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். மருந்து அடித்த தெளிப்பானை நன்றாகக் கழுவாமல் இதை ஊற்றாதீர்கள். இது கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கத்தான் உதவும். பூக்கும் பயிருக்கு ஒரு நனைப்பாவது கிடைக்க, போர்வெல் வைத்திருப்பவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.