வேலையில் மனம் அலைவதால்தான் தவறுகள் வருகின்றனவா?

"வேலை நன்றாகத் தெரியும், ஆனாலும் மனசு எங்கேயோ போய்ச் சின்னச் சின்னத் தவறு வருகிறது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. 11 வருடமாக மருந்துக்கடை கவுன்டரில் நிற்கிறேன். போன வருடம் ஒரு சாயங்காலம், மாதாமாதம் வரும் பெரியவருக்கு, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை 500 மில்லிகிராமில் கொடுப்பதற்குப் பதில் 1000-இல் கொடுத்துவிட்டேன். கூட்டமும் இல்லை, களைப்பும் இல்லை. மகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, போன மாசம் மாத்திரை சின்னதாத்தானே இருந்துச்சு?" என்றார். அவர் கேட்கவில்லை என்றால்? இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அதன்பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1997-இல் இயன் ராபர்ட்சனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. திரையில் 1 முதல் 9 வரை எண்கள் மாறி மாறி, ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாக வரும். எல்லா எண்ணுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், 3 வந்தால் மட்டும் அழுத்தக் கூடாது. மொத்தம் 225 எண்கள், அவற்றில் 25 முறைதான் 3. நாலேகால் நிமிட வேலை, குழந்தைகூடச் செய்துவிடும் போலத் தெரியும். ஆனால் பலருக்கும் கை தவறுகிறது.

என்னை உலுக்கியது இதுதான்: தவறுக்குச் சற்று முன்னால் அவர்களின் கை மந்தமாகவில்லை, வேகமாகியிருந்தது. நான் அதுவரை கவனக்குறைவு என்றால் தூக்கக்கலக்கம், தடுமாற்றம் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் கை தடையில்லாமல் ஓடும்போதுதான் மனம் நழுவியிருக்கிறது. பின்னால் வந்த ஆய்வுகளில் இடையிடையே நிறுத்தி, "இப்போது மனம் எங்கே இருந்தது?" என்று கேட்டார்கள். வேறெங்கோ இருந்ததாகச் சொன்ன நேரங்களில் தவறு அதிகம். பல பேருக்கு, கேட்கும்வரை, தாங்கள் அலைந்துகொண்டிருந்ததே தெரியவில்லை.

எல்லாத் தவறையும் மனத்தின் தலையில் கட்டவும் முடியாது. வெறும் அவசரத்தாலும் கை முந்திக்கொள்ளும்.

இன்னொன்று, தவறும் மனதை இழுத்துக்கொண்டு போகும். அன்று பெரியவர் போன பிறகு அதையே நினைத்துக்கொண்டு அடுத்தவருக்கு மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். இப்போதெல்லாம் தவறு நடந்தால் ஒரு நிமிடம் கவுன்டரை விட்டு நகர்ந்து தண்ணீர் குடிக்கிறேன்.

ஜப்பான் ரயில் ஊழியர்கள் சிக்னலை விரலால் சுட்டி, பார்த்ததை வாய்விட்டுச் சொல்வார்கள். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் இதைச் சோதித்தபோது, 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறு 0.38 ஆகக் குறைந்தது. நானும் "மெட்ஃபார்மின், ஐந்நூறு" என்று சத்தமாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் அதுவும் பழகிப்போய், ஒருநாள் வாய் ஐந்நூறு என்று சொல்ல, கையில் ஆயிரம் இருந்தது. அதனால் இப்போது அட்டையில் அச்சான எண்ணின் மேல் விரலை வைத்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.