மெல்போர்ன் நூற்றாண்டுப் பதக்கங்கள்: வாசகர் கேள்விகள்

பழைய சாமான் சந்தையில் வாங்கினேன். 1934–35 என்று இருக்கிறது, மேலே ஒரு வளையம். இது நாணயமா, பதக்கமா?

வளையம் வார்ப்போடு சேர்ந்தே வந்திருந்தால் பதக்கம். அடியில் பற்றவைத்த தடம் தெரிந்தால் கொஞ்சம் பொறுங்கள், ஏனென்றால் நாணயத்தை டாலராக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரமும் அது இருக்கும் விக்டோரியா மாநிலமும் கொண்டாடிய அந்த நூற்றாண்டு விழாவுக்கு ஃப்ளோரின் என்ற 2 ஷில்லிங் நாணயமும் வந்தது: தீப்பந்தம் ஏந்திய குதிரைக்காரன், 28.5 மில்லிமீட்டர் விட்டம், 11.31 கிராம் எடை. 54,000 அச்சடித்து, ஒவ்வொன்றையும் 3 ஷில்லிங்குக்கு விற்கப் பார்த்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் 2 ஷில்லிங் காசை யார் 3 கொடுத்து வாங்குவார்கள்? சுமார் 21,000 திரும்பிப்போய் உருக்கப்பட்டன. அதனால்தான் இன்று அதற்கு நல்ல விலை. பதக்கம் அப்படியில்லை, தாராளமாகக் கிடைக்கும். அதற்கு ஃப்ளோரின் விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

காந்தம் ஒட்டவில்லை. அப்போது வெள்ளிதானே?

இல்லை. செம்பு, வெண்கலம், பித்தளை எதிலும் காந்தம் ஒட்டாது. எடையை எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நூலில் கட்டி, தராசு மேல் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் அடியைத் தொடாமல் முழுக்கிப் பாருங்கள். தராசு கூடுதலாகக் காட்டும் கிராமால் எடையை வகுத்தால் ஸ்டெர்லிங் வெள்ளிக்கு 10.3 பக்கம் வரும். 8.8 பக்கம் வந்தால் வெண்கலம்.

ஏன் இரண்டு வருடம் போட்டிருக்கிறார்கள்?

விழா இரண்டு குடியேற்றங்களுக்கும் சேர்த்து. இங்கிலாந்திலிருந்து வந்த ஹென்டி குடும்பம் விக்டோரியாவின் போர்ட்லாந்தில் குடியேறியது 1834, மெல்போர்ன் குடியேற்றம் 1835. அந்த 1835 ஜூனில்தான் ஜான் பேட்மன் என்ற குடியேறி, அந்த மண்ணின் பூர்வகுடிகளான குலின் மக்களின் மூத்தோரோடு 'ஒப்பந்தம்' போட்டு நிலம் வாங்கியதாகச் சொன்னார், ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் பர்க் அது செல்லாது என்று அறிவித்தார். காரணம் குலின் மக்கள் மேல் இரக்கம் இல்லை, நிலம் முழுக்க பிரிட்டிஷ் அரசருடையது, விற்க அவர்களுக்கு உரிமையே கிடையாது என்பதுதான். 'நூற்றாண்டு' என்று பொறிக்கும்போது எண்ணிக்கை எங்கிருந்து தொடங்குகிறது என்று கவனியுங்கள். குலின் மக்கள் அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்தவர்கள். என்னைக் கேட்டால், இவற்றைச் சேர்ப்பதில் சுவாரசியமே அதுதான்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம்! முலாம் பூசியதாக இருந்தால் மேடான இடங்களில்தான் முதலில் போகும், போனது போனதுதான். அழுக்கு மட்டும் என்றால் அசிட்டோனில் நனைத்து எடுங்கள், தேய்க்காதீர்கள். ரிப்பன் இருந்தால் அதுவும் கூடாது. பழைய ரிப்பனும் ஊசியும் கூடவே இருந்தால் கிழிந்திருந்தாலும் கழற்றாதீர்கள், விலையே அதில்தான். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுத்துவிடும்.