மல்லி கேட்டால் காக்கடா வருகிறதே! பெங்களூர்ப் பூக்கடைக் கேள்விகள்

கேள்வி: டிசம்பரில் கே.ஆர். மார்க்கெட்டில் மல்லி என்று கேட்டு இரண்டு மாறு வாங்கினேன். வீட்டுக்கு வந்து தலையில் வைத்தால் மணமே இல்லை. அளந்து பார்த்தால் ஏழு முழம்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (ஸ்ரீராமபுரம் வாசகி)

பதில்: பூ மாறிவிட்டது என்றுதான் தோன்றுகிறது. மல்லி வெயில் காலத்துப் பூ. மார்ச் முதல் ஜூன் வரை கொட்டும், குளிர் வந்தால் வரத்து குறைந்து விலை ஏறும். அப்போது கடைகளில் வெள்ளையாகத் தொங்குவதில் பாதிக்கு மேல் காக்கடாதான், மல்லி போலவே தெரியும் மணமில்லாத பூ. அதுவும் நல்ல பூ, சாமிக்குப் போடலாம், விலையும் குறைவு. ஆனால் மல்லி விலை கொடுத்து வாங்கக் கூடாது. மல்லி மொட்டு உருண்டு திரண்டிருக்கும். காக்கடா மொட்டு ஒல்லியாக, கூராக இருக்கும். அடிக்காம்பைத் தடவினால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். சந்தேகமென்றால், "இது காக்கடாவா?" என்று நேரே கேளுங்கள். கன்னடத்திலும் அதே பெயர்தான்.

அளவு விஷயம் வேறு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு மாறு, அதாவது ஏறக்குறைய நாலு முழம். கைக்குக் கை நீளம் மாறும். முழங்கை முனையில் தொடங்காமல் கை மடக்கில் தொடங்கினாலே முழத்துக்கு மூன்று நான்கு விரல் போய்விடும். முழம், மாறு இரண்டுமே சட்டப்படியான அளவுகள் இல்லை, ஆகவே வீட்டுக்கு வந்தபின் வாதாட முடியாது. நான் நீளத்தைவிட நெருக்கத்தைத்தான் பார்ப்பேன். சரத்தை ஒரு சாண் தூக்கிப் பிடியுங்கள். மொட்டுகளுக்கு இடையே நூல் தெரிந்தால், நீளம் சரியாக இருந்தும் பூ குறைவு. நேரமும் பொறுமையும் இருந்தால் உதிரிப்பூவை எடை போட்டு வாங்கிக் கட்டிக்கொள்வது எப்போதும் லாபம். அதிலும் கூடைக்கு அடியில் சொட்டச் சொட்டத் தண்ணீர் தெளித்திருந்தால் உதறிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். வரமகாலட்சுமி நோன்பு வாரத்தில் மட்டும் பேரம் எதுவும் எடுபடாது. இரண்டு நாள் முன்பே மொட்டாக வாங்கி, வாழையிலையில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: ஜனவரியில் ஒரு நர்சரியில் பூத்துக் குலுங்கிய செவ்வந்தித் தொட்டி வாங்கினேன். மூன்று வாரத்தில் எல்லாம் காய்ந்துவிட்டது. தூக்கிப் போடலாமா? (ஒயிட்ஃபீல்டு வாசகர்)

பதில்: தயவுசெய்து போடாதீர்கள், செடி சாகவில்லை. செவ்வந்தி இரவு நீளும்போது மொட்டு வைக்கும் செடி, அதனால்தான் குளிர்காலத்தில் பூக்கிறது. முழுக்க மலர்ந்த தொட்டியை வாங்கினால் பாதி ஆயுள் கடையிலேயே முடிந்திருக்கும். அடுத்த முறை, மொட்டில் நிறம் எட்டிப் பார்க்கிற தொட்டியாகப் பார்த்து எடுங்கள்.

இப்போது காய்ந்த தண்டுகளை நாலு விரல் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அடியில் பக்கக் கன்றுகள் வரும். அவற்றைப் பிரித்துப் புது மண்ணில் வைத்து, ஜூலை வரை நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் கிளை பெருகும். இன்னொன்று முக்கியம். என் பால்கனியில் ஒரே கன்றிலிருந்து பிரித்த இரண்டு தொட்டிகள் இருந்தன. தெருவிளக்கு விழும் பக்கம் இருந்தது இலை இலையாக வளர்ந்ததே தவிர, நவம்பர் முழுக்க ஒரு மொட்டு வைக்கவில்லை. சுவர் மறைவில் இருந்தது நிறையப் பூத்தது. இரவில் அதற்கு முழு இருட்டு வேண்டும்.

கேள்வி: மகள் பிறந்தநாள் கேக்கின் மேல் நிஜப் பூ வைக்க ஆசைப்படுகிறாள். காந்தி பஜாரில் வாங்கி, கழுவி வைக்கலாமா? (அல்சூர் வாசகி)

பதில்: வேண்டாம். மாலைக்கும் ஜாடிக்கும் வளர்க்கும் பூவுக்கு, யாரும் தின்னப் போவதில்லை என்ற கணக்கில்தான் மருந்து அடிக்கிறார்கள். கழுவினால் முழுக்கப் போகாது. அதோடு அதே கூடைக்குப் பக்கத்தில்தான் அரளி இருக்கும். அரளி, மஞ்சள் அரளி, நித்தியகல்யாணி எல்லாம் விஷம். குழந்தைகள் கை நீட்டும் கேக்கில் அந்த ஆபத்தே வேண்டாம்.

மருந்தடிக்காத உங்கள் சொந்தத் தொட்டியில் செம்பருத்தியோ, பன்னீர் ரோஜாவோ, சங்குப்பூவோ இருந்தால் இதழை மட்டும் வையுங்கள். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு இறங்கும், எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாகும். பிள்ளைகள் கண் விரியப் பார்ப்பார்கள்.

சமையலுக்கென்றால் காய்கறிக் கடைப் பூக்களே போதும்: வாழைப்பூ, அகத்திப்பூ, முருங்கைப்பூ. வேப்பம்பூவை மார்ச், ஏப்ரலில் இங்கே மரத்தடியில் துணி விரித்தே சேகரித்துவிடலாம், யுகாதிக்கும் சித்திரை முதல் நாளுக்கும் ஆகும். கடையில் காய்ந்ததாக வாங்கினால் மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தாலோ, கறுத்துப் பிசுபிசுத்தாலோ பழைய சரக்கு.

கேள்வி: நிச்சயதார்த்தத்துக்குப் போனில் சம்பங்கி மாலை சொல்லி முன்பணம் கொடுத்தேன். மஞ்சளாகச் செண்பக மாலை வந்தது. பணம் திரும்பக் கேட்கலாமா? (சிவாஜிநகர் வாசகர்)

பதில்: கடைக்காரர் காதில் 'சம்பிகே' என்று விழுந்திருக்கும். கன்னடத்தில் சம்பிகே என்றால் செண்பகம். மல்லேஸ்வரம் சம்பிகே ரோடு இருக்கிறதே, அதே பெயர்தான். நம் சம்பங்கிக்கு இங்கே சுகந்தராஜா என்று பெயர். வார்த்தை குழம்பியதுதான் காரணம் என்றால், பாதிப் பணத்துக்குப் பேசிப் பாருங்கள். வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்து, அவரும் ஒப்புக்கொண்டபின் வேறு பூ கொண்டுவந்திருந்தால் நியாயம் உங்கள் பக்கம். அப்போது முன்பண ரசீதையும் அந்த உரையாடலையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.