பறவைக் காய்ச்சல் ஊசி: மரபணு மாற்றிய வைரஸ் என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: செங்குன்றத்தில் 40 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். பறவைக் காய்ச்சல் வைரஸையே லேபில் மரபணு மாற்றித் தடுப்பூசி செய்கிறார்களாமே, அதைப் போட்டால் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? ஊசி எங்கே கிடைக்கும்? போன வாரம் 3 கோழி பச்சையாகக் கழிந்து செத்துவிட்டன.

பதில்: செத்த கோழியைக் கடைசியிலா சொல்வது! பச்சைக் கழிச்சல் என்றால் முதல் சந்தேகம் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். கழுத்து திருகிக்கொண்டதா என்று பாருங்கள். கொண்டையும் தாடியும் கருநீலமாகி, முகம் வீங்கி, ஒரே நாளில் நிறைய விழுந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இரண்டையும் கண்ணால் பார்த்து உறுதியாகப் பிரிக்க முடியாது, பரிசோதனைதான் வழி. செத்த கோழியைப் பையில் போட்டு பஸ்ஸில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வெறுங்கையால் தொடாமல், உங்கள் பகுதி கால்நடை மருத்துவரை வீட்டுக்கே கூப்பிடுங்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் மாற்றுவது விஷத்தைக் கூட்ட அல்ல, பிடுங்க. இந்த வைரஸின் மரபணு 8 துண்டு ஆர்என்ஏ. அதன் மேலே முள் மாதிரி நிற்கும் ஹெச்ஏ புரதம் இரண்டாக அறுபட்டால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழையும். சாதுவான வகைகளில் அதை அறுக்கும் நொதி மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் உண்டு, அதனால் நோயும் அங்கேயே நின்றுவிடும். கொடிய ஹெச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வகையில் அந்த அறுபடும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாக இருப்பதால், உடம்பு முழுக்க இருக்கும் ஃபியூரின் என்ற நொதியே அறுத்துவிடும். மூளை, இதயம், ஈரல் எதுவும் தப்பாது. லேபில் அந்தக் கூடுதல் துணுக்கை வெட்டி எடுத்துவிட்டு, ஹெச்ஏ, என்ஏ (வைரஸின் மேலே இருக்கும் இன்னொரு புரதம்) இரண்டுக்கான துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி 6 துண்டை 1934-இல் போர்ட்டோ ரிக்கோவில் எடுத்த, முட்டையில் நன்றாக வளரும் பழைய வைரஸிலிருந்து சேர்க்கிறார்கள். சீனாவில் கோழிக்குப் போட்ட ரீ-1 ஊசி இப்படி வந்ததுதான். அதையும் கொன்றுதான் ஊசியில் அடைக்கிறார்கள், எனவே அந்த ஊசிக்காக முட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம், வேகவைத்துக் கொடுங்கள். (வைரஸைக் காற்றில் பரவும்படி மாற்றி ஃபெரெட் என்ற கீரி மாதிரி விலங்கில் சோதித்த ஆய்வு 2011-இல் பெரிய சர்ச்சையானது, உங்கள் காதுக்கு வந்த பயம் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். அது வேறு வேலை.)

ஆனால் ஹெச்5என்1 ஊசி நம் நாட்டில் கோழிகளுக்குப் போடுவதில்லை. ஊசி போட்ட கோழி வெளியே நன்றாகத் தெரிந்துகொண்டே வைரஸைக் கக்கினால் நோய் இருப்பதே தெரியாது. அதனால் நோய் வந்த இடத்தைச் சுற்றிக் கோழிகளை அழிப்பதுதான் இங்கே முறை. யாராவது அந்த ஊசி என்று விற்க வந்தால் வாங்காதீர்கள்.

நீங்கள் போட வேண்டியது வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து: குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, அப்புறம் 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி. இப்போது மந்தையில் நோய் இருப்பதால் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு ஆரம்பியுங்கள், அதுவரை ஒரு கோழியையும் விற்கவோ அறுக்கவோ வேண்டாம்.