அடி வாங்குவது என் தொழில்: வாள்வீச்சு மாஸ்டர் பதில்கள்

கே: மாஸ்டர், வாள்வீச்சுப் பயிற்சியாளருக்கு ஒரு நாள் எப்படிப் போகும்?

ப: அடி வாங்கியே போகும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தனிப் பாடம் என்றால் மாணவர் ஒருவர், நான் ஒருவன், இருபது நிமிடம். தடித்த தோல் சட்டை, கைக்குத் தோல் உறை, முகத்தில் மாஸ்க். நான் வேண்டுமென்றே வாளைக் கொஞ்சம் விலக்கி நெஞ்சைத் திறந்து காட்டுவேன். அந்த நொடியில் மாணவர் லஞ்ச் போட்டு, அதாவது முன்காலை நீட்டிப் பாய்ந்து, குத்த வேண்டும். ஒரு பாடத்துக்கு நூறு குத்தாவது விழும். ஆறு பேருக்குப் பாடம் எடுத்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 22 வருடமாக என் வலது மார்பில் கன்றிய இடம் ஒன்று நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

வலி பழகிவிடும். எப்போது திறப்பது என்பதுதான் வித்தை. சீக்கிரம் திறந்தால் மாணவருக்குச் சோம்பல் வந்துவிடும், தாமதித்தால் தயக்கம் வந்துவிடும். என்னிடம் ஒரு பெண் சேர்ந்தாள். நல்ல கால்வேகம். ஆனால் நான் திறப்பதற்கு முன்பே பாய்ந்துவிடுவாள். கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ஒரு நாள் கண்ணாடி முன் நானே செய்து பார்த்தபோதுதான் புரிந்தது: வாளை விலக்குவதற்கு முன் என் வலது தோள் லேசாக இறங்குகிறது. அவள் வாளைப் பார்க்கவே இல்லை, தோளைப் படித்திருக்கிறாள். திட்டு வாங்க வேண்டியவன் நான். அந்தத் தோளை அடக்க ஒரு மாதம் ஆனது.

கே: மூன்று வகை வாளில் நீங்கள் எது?

ப: எப்பே. ஃபாயிலில் உடம்பின் நடுப்பகுதிதான் இலக்கு, சேபரில் இடுப்புக்கு மேலே. எப்பேயில் உச்சி முதல் கால் கட்டைவிரல் வரை எங்கே குத்தினாலும் புள்ளி. முனையில் 750 கிராம் அழுத்தம் விழுந்தால் விளக்கு எரியும். இருவரும் ஒரே நேரத்தில் குத்தினால் இருவருக்கும் புள்ளி. யார் முதலில் தாக்கினார் என்று நடுவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

கே: பெரிய வீரராக இருந்தவர்தான் பயிற்சியாளர் ஆக முடியுமா?

ப: எமில் பெக் என்று ஒருவர். ஜெர்மனியில் டவுபர்பிஷோஃப்ஸ்ஹைம் என்ற சின்ன ஊரில் முடிதிருத்துபவராக இருந்தவர். வாள்வீசிப் பேர் வாங்கியவர் அல்ல. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஃபாயில் தனிநபர் பிரிவின் மூன்று பதக்கங்களையும் வாங்கியது அவர் வளர்த்த பெண்கள்தான். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கே: மகனைச் சேர்க்கப் பயமாக இருக்கிறது.

ப: பயம் நியாயமானதுதான். 1982-ல் ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் எதிராளியின் வாள் உடைந்து, மாஸ்கைத் துளைத்ததில் ஒலிம்பிக் சாம்பியன் விளாடிமிர் ஸ்மிர்னோவ் இறந்துபோனார். அதற்கப்புறம்தான் வாளின் எஃகு, மாஸ்க், சட்டை எல்லாவற்றுக்கும் விதிகள் இறுகின. சேர்க்கப் போகும்போது, மாஸ்டர் வாள்களில் விரிசல் பார்க்கிறாரா, மாஸ்கின் வலையை அழுத்திச் சோதிக்கிறாரா என்று ஓரமாக நின்று கவனியுங்கள். பார்க்காத இடம் என்றால் பையனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

கே: உங்கள் மாணவரோடு நிஜமாகவே மோதினால் யார் ஜெயிப்பார்?

ப: 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் மாஸ்டர்களையும், வாள்வீச்சைத் தொழிலாகக் கொள்ளாத அமெச்சூர்களையும் எப்பேயில் மோதவிட்டார்கள். மாஸ்டரான ஆல்பர்ட் அயா முதலிடம். அமெச்சூர் பிரிவில் தங்கம் வென்ற கியூபாவின் ரமோன் ஃபோன்ஸ்ட் என்ற பதின்வயதுப் பையன் இரண்டாமிடம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மேலே சொன்ன பெண்ணோடு போன வாரம் 15 புள்ளிக்கு மோதினேன். 15-11, அவள் ஜெயித்தாள். தோளைக் கல் மாதிரி வைத்திருந்தேன். கடைசிக் குத்து என் கால் கட்டைவிரலில் விழுந்தது. மாஸ்கைக் கழற்றிவிட்டு, "மாஸ்டர், பாயறதுக்கு முன்னாடி முன்கால் விரலைத் தூக்குறீங்க" என்றாள்.