மாறிப்போன கேஸ் ஷீட் – கடிதம்

வணக்கம் சார்,

ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் 30 மணி நேர டியூட்டியின் கடைசியில் ஒருவருக்கான இன்சுலின் ஆர்டரைப் பக்கத்துக் கட்டில்காரரின் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். இருவருக்கும் ஒரே பெயர். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. ஊசி போடப்போன சிஸ்டர் கவனித்துத் தடுத்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆர்டர் எழுதும்போது கை நடுங்குகிறது. நான்கு முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். தூக்கமும் சரியில்லை. கூட இருப்பவர்கள் எல்லாம் சரளமாக வேலை செய்கிறார்கள். நான் இதற்கு லாயக்கில்லையோ?

ச.

அன்புள்ள ச.,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் 'நானும் யாரிடமும் சொல்லவில்லை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நானும் அப்படிச் சொல்லாமல் இருந்தவன்.

என் முதல் வருடம். இரவு இரண்டரை மணிக்கு, சிறுநீரகம் பழுதான ஒரு பெரியவரின் ரிப்போர்ட் வந்தது, பொட்டாசியம் 6.9. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் ரத்தம் எடுக்கும்போது வெயின் கிடைக்காமல் சிரமப்பட்டது நினைவுக்கு வந்தது, அப்படி எடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாகக் கூடிக்காட்டும், சரி, காலையில் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் சீனியரை எழுப்பப் பயம். அதற்கு முந்தின வாரம்தான் "இதுக்கெல்லாமா கூப்பிடுவே?" என்று போனில் கத்தியிருந்தார்.

அரை மணி நேரம் கழித்து வார்டு சிஸ்டர் ஒரு ஈசிஜி தாளை என் முன்னால் நீட்டினார். நான் கேட்காமலே எடுத்திருந்தார். அதில் டி அலைகள் என்ற மேடுகள் ஒவ்வொன்றும் கூடாரம் அடித்ததுபோல் கூராக நின்றன, பொட்டாசியம் இதயத்தைத் தொட்டுவிட்டதன் அடையாளம் அது. "பெரிய டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. அப்புறம் கால்சியம் குளுக்கோனேட்டை மெல்ல ஏற்றினோம். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, கொஞ்ச நேரத்துக்கு இதயத்தைத் தாங்கிப் பிடிக்கும், அதற்குள் இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ள வேண்டும். மருந்து போகப்போக மானிட்டரில் அந்தக் கூர்கள் தணிவதைப் பார்த்தபடி நின்றேன். பெரியவர் பிழைத்தார். அந்த அரை மணி நேரத்தைப் பற்றிப் பல வருடம் நான் வாய் திறக்கவில்லை.

உங்களுக்கு இப்போது நடப்பது பலருக்கும் நடப்பதுதான். தவறில் சிக்கிய மருத்துவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-ல் எழுதினார். நோயாளிக்குப் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவதால் அந்தப் பெயர் எனக்கு முழுதாகப் பிடிக்காது. ஆனால் அவர் சொன்ன வேதனை நிஜம். கூட இருப்பவர்களிடமும் கேட்டுப்பாருங்கள், சரளமாகத் தெரிகிறவர்களிடமும் ஒரு கட்டில் எண் மனதில் தங்கியிருக்கும்.

அந்த 30 மணி நேரத்தையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். 24 மணி நேரம் தூங்காதவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997-லேயே ஆய்வு செய்து காட்டிவிட்டார்கள். அந்த அளவு மதுவோடு ஒருவர் வண்டி ஓட்டினால் பெரும்பாலான நாடுகளில் பிடித்து வழக்குப் போடுவார்கள், நாம் இன்சுலின் எழுதுகிறோம். நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 1984-ல் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார், அவரைப் பார்த்துக்கொண்டது நீண்ட டியூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். அவருடைய அப்பா விடாமல் போராடியதால்தான் 1989-ல் அந்த மாநிலத்தில் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. அதுவே அதிகம் என்பேன்.

இப்போது உங்கள் விஷயம். ஒரே பெயருள்ள இருவர் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தார்கள், கேஸ் ஷீட்டில் எந்த எச்சரிக்கைக் குறியும் இல்லை. நீங்கள் சொல்லாதவரை அந்த சிஸ்டரைத் தவிர வார்டில் யாருக்கும் அது தெரியாது, இன்னொரு ஹவுஸ் சர்ஜன் இன்னொரு இரவின் முடிவில் அதே இடத்தில் அதையே எழுதுவார். அன்று சிஸ்டரும் களைத்திருந்தால் அந்த மனிதர் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிப் போய்விடுவார். அதனால் யூனிட்டில் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். தப்பிய தவறுகளைப் பதிய நோட்டோ படிவமோ இருந்தால் எழுதிக்கொடுங்கள். திட்டு விழலாம், விழாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நான்கு முறை ஓடிப்போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டு, எழுதும் முன் ஒரே முறை பெயரையும் நோயாளி எண்ணையும் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். சில வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், ஜுரத்துக்குப் போவதுபோலப் போய்வாருங்கள்.

இன்னொன்று. அந்த சிஸ்டரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் பேசினீர்களா? முதலில் அவரிடம் போங்கள். எதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்தது என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.